கதையில் வரும் துஷ்டனுக்கும் ஒரு கக்ஷி உண்டு

சுதந்திர தின அனுபந்தத்திற்கென்று நமது காரியாலயத்திற்கு வரும் கதைகளை வாசிக்குந்தோறும் ஒரு விஷயம் நம்மை வருத்துகிறது. அவற்றில் வரும் துஷ்டன் வெள்ளைக்காரக் கலெக்டர். இல்லையேல் அவனுடைய போலீஸ் அதிகாரி. முதற் பக்கத்தில் மீசையை முறுக்குகிறான்; கடைசிப் பக்கத்தில் மாண்டு போகிறான். அவன் ஏன் தீமை செய்கிறான் என்று இடையில் ஒருவரும் கேட்பதில்லை. இப்படியொரு வழக்கை நியாயஸ்தலத்திற்குக் கொண்டுபோகும் வக்கீல், நோக்கம் யாதென்று ஜட்ஜு கேட்ட மாத்திரத்தில் வாயடைத்து நிற்கவேண்டியதுதான்.

இவ்வாசிரியர்கள் ரவீந்திரநாத தாகூரின் 'கரே பாயிரே' என்னும் நாவலை வாசிப்பார்களாக. 1916-ல் புஸ்தகமாக வெளிவந்த அந்நூலுக்கு, 1905-ம் வருஷத்து வங்கப் பிரிவினையை எதிர்த்தெழுந்த சுதேசிக் கிளர்ச்சியே களம். அதில் வரும் தீயவன் அந்நியனல்லன். வந்தேமாதரம் முழங்கும் நம்மவன். சந்தீபன் என்பது அவன் பெயர்.

விமலை, அவள் கணவன் நிகிலேசன், சந்தீபன் ஆகிய மூவரும் தத்தம் வாயாலேயே கதையைச் சொல்லுகின்றனர். பிரதிவாதியின் வாக்குமூலத்தை ஒரு சொல்லும் குறைக்காமல் பதிவு செய்தாற்போல், சந்தீபன் தன் கக்ஷியைத் தானே பேசுகிறான். ஆசையே மெய், எடுத்துக்கொள்ளும் வலிமையுடையவனுக்கே பொருள் உரியது என்பது அவன் சித்தாந்தம். தன்னைத் தங்க வைத்துச் சோறிட்ட நண்பனின் மனைவியைத் தேசமாதாவின் அவதாரமென்று புகழ்ந்து, கணவனுடைய பெட்டகத்துப் பொன்னையே அவளைத் திருடச் செய்கிறான். ஆயினும் அவன் வெறும் வேஷதாரியல்லன். தன் சொல்லைத் தானே பாதி நம்புகிறான். அவன் பேசுவதைப் படிக்கும்போது, நாமே கைதட்டி வரவேற்ற சில பிரசங்கங்கள் நினைவுக்கு வருகின்றன. அது நமக்குச் சிறிது கசப்பாகத்தான் இருக்கிறது.

பேயாக எழுதப்பட்ட துஷ்டனைக் கண்டு எந்த வாசகனும் தன்னைச் சோதித்துக்கொள்வதில்லை. பஞ்சு என்னும் ஏழைக் குடியானவனுடைய சீமைச் சரக்கு தேசத்தின் பெயரால் கொளுத்தப்படும்போது, தீ வைப்போர் மனத்திலும் ஒரு பக்தி இருந்ததென்று காட்டியதனாலேயே நம் நெஞ்சு உறுத்துகிறது.

துஷ்டனுக்கு நியாயம் கற்பிப்பது அவனை மன்னிப்பதாகாதோ என்பர் சிலர். சீதையைக் குறித்துச் சந்தீபன் தகாத வார்த்தை பேசியதற்குத் தாகூரையே குற்றஞ்சாட்டியோரும் வங்காளத்தில் இருந்தனர். கக்ஷிக்காரன் செய்த கொலைக்கு வக்கீலைத் தூக்கிலிடக் கேட்பது போன்றது அது! தாகூர் அவனை விடுதலை செய்யவில்லை. அவன் வாயையே அவனுக்கெதிரான சாக்ஷியாக்கினார்.

முடிவில் சந்தீபன் அந்தப் பொன்னை விமலையிடமே திருப்பித் தருகிறான். முழுத் திருடனாயிருக்கவும் அவனால் இயலவில்லை. இவ்விடத்தை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். பிறகு, அவன் மூட்டிய கலகம் சுற்றுப்புறங்களில் பரவும் வேளையில், அவன் ஊரைவிட்டு நழுவி விடுகிறான். சுதேசியின் பெயரால் பலாத்காரம் கூடாதென்று சொன்னதற்காகத் தேசத்துரோகியென்று ஏசப்பட்ட நிகிலேசனோ, கையில் ஆயுதமின்றிக் குதிரையேறிக் கலகத்தினிடையே போகிறான். இருட்டிய பின் தலையில் பலத்த காயத்துடன் அவனை வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள்.