உடல்வாகும் நோய்தேறலும்

ஒரே லயத்தில் வாழும் மூவரை ஒரே கிழமையிற் காய்ச்சல் பற்றுகின்றது. ஒருவர் ஐந்தாம் நாளே கூடையெடுத்து மலைக்குச் செல்கின்றார். மற்றொருவர் இரு கிழமை இருமிக்கொண்டிருக்கின்றார். மூன்றாமவர்க்கோ மாதம் ஒன்று கழிந்தும் மூட்டுநோவும் சோர்வும் நீங்கவில்லை. பற்றிய கிருமி ஒன்று. வீசிய குளிர்காற்றும் ஒன்று. விளைவு மட்டும் மூன்றாயது யாது காரணத்தால்? ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் மூடுபனிக்கிடையே அமைந்த நானுஓயாத் தோட்டப்புறத்தார்க்கு இது வெறும் ஏட்டு வினாவன்று. வேலைக்குச் சென்ற நாளுக்கே கூலி பெறுவோர் எத்தனை நாள் படுத்திருக்கலாம் என்பது இதன் விடையைப் பொறுத்ததாகும்.

இவ்வினாவுக்கு விடையை நோயில் மட்டுமன்றி, நோயாளியின் உடலியல்பிலும் தேடியவர்கள் கீழைநாட்டு மருத்துவ நூலார். 'மஞ்சட் பேரரசரின் உள்நூல்' எனப்படும் பழஞ்சீன நூல், மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐந்தின்கீழ் மாந்தரை 25 வகையினராகப் பகுக்கின்றது. நம் காலத்தில் பெய்ஜிங் சீன மருத்துவப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாங் சி, உடல்வாகுகளை ஒன்பதாக வகுத்தார். 2009ஆம் ஆண்டில் அவ்வகுப்பு சீன மருத்துவச் சங்கத்தின் நியமமாக வெளியாயிற்று. சமநிலையுடைய உடல் ஒன்று. உயிர்விசை குறைந்தது, வெம்மை குறைந்தது, தண்மை குறைந்தது, சளியும் ஈரமும் மிக்கது, ஈரத்தோடு வெப்பம் கலந்தது, குருதி தேங்கியது, உயிர்விசை தடைப்பட்டது, ஒவ்வாமைக்கு எளிதில் ஆட்படுவது என ஏனைய எட்டும் சமநிலை பிறழ்ந்தவை. சளி மிக்க உடலிற் காய்ச்சல் விட்டபின்னும் கோழையும் உடற்கனமும் நீடிக்கும். உயிர்விசை குறைந்தோர் வியர்த்துக் களைத்து மெல்லத் தேறுவர். தண்மை குறைந்தோர்க்கு வறட்டிருமலும் நாவறட்சியும் எஞ்சும் என்பது அம்மருத்துவர் கொள்கை.

இதனைப் படிக்குந் தமிழர்க்கு வாத தேகி, பித்த தேகி, கப தேகி என்னும் நம் சித்த மருத்துவச் சொற்கள் நினைவுக்கு வராமற் போகா. மெலிந்து வறண்ட மேனியர் வாத உடலினர். சூடும் பசியும் மிக்கு இளமையிலேயே நரைப்போர் பித்த உடலினர். தடித்துக் குளிர்ந்து நிதானமாக இயங்குவோர் கப உடலினர். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து இம்மூன்றின் அளவையும் நாடியால் அறிய முயன்றனர் நம் வைத்தியர். சுரங்களை 64ஆக வகுத்தது யூகி முனிவரின் மரபு. தமிழ்நாட்டு அரசு 2012இல் டெங்கு பரவியபோது வழங்கிய நிலவேம்புக் குடிநீரும், 2020இல் கொரோனா பரவியபோது வழங்கிய கபசுரக் குடிநீரும் இம்மரபினவே.

இனி, இக்கொள்கைகள் எத்துணை மெய்யானவை என ஆராய்தல் வேண்டும். ஆளுக்காள் உடல் வேறுபடும் என்னும் அடிப்படையை இன்றைய விஞ்ஞானமும் ஏற்கின்றது. கடுங் கொரோனாவாற் பாதிக்கப்பட்டோரில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேரிடம், வைரசை எதிர்க்கும் இன்டர்பெரன் என்னும் பொருளையே தாக்கும் எதிருடல்கள் இருந்தமை 2020இற் கண்டறியப்பட்டது. டெங்கு வைரசு நால்வகைப்படும். முன்னர் ஒரு வகையாற் பீடிக்கப்பட்டவரை வேறொரு வகை பற்றும்போது நோய் கடுமையாதலும் உண்டு. ஆயின் இவ்வேறுபாடுகள் குருதியைச் சோதித்து அறியப்பட்டவை. உடல்வாகை அறியும் சீனர் முறையோ பெரும்பாலும் வினாக்கொத்தைச் சார்ந்தது. "விரைவிற் களைப்படைகின்றீரா?" என நோயுற்றவரை வினவினால் அவர் "ஆம்" என்றே விடை கூறுவார். அக்களைப்பு நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பதை அவ்விடை பிரித்துக் காட்டாது.

இவ்வேறுபாட்டை மறப்பதால் விளையுந் தீங்கு பெரிது. 2020 டிசம்பரிற் கேகாலையில் கொரோனாவைத் தடுக்கும் எனப்பட்ட ஒரு பாணியைப் பெற ஆயிரக்கணக்கானோர் நெருங்கித் திரண்டதை நாம் அறிவோம். டெங்குவின் இயல்போ இன்னும் வஞ்சகமானது. 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் அந்நோய்க்கு ஆளாயினர். அதிற் பேராபத்து நேர்வது பெரும்பாலும் சுரம் தணியும் வேளையிலேயாம். குருதிக் குழாய்களினின்று நீர் கசிந்து, நோயாளி திடீரெனத் தளர்ந்துவிடுவர். கொழும்பில் வேலை செய்து காய்ச்சலோடு வீடு திரும்பும் பிள்ளைக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பதில் தவறில்லை. ஆயின், "இது பித்த உடல், தானே தணியும்" என்றிருந்து குருதிச் சோதனையைத் தள்ளிப்போடுதல் பெருந் தவறாகும். காய்ச்சல் விட்டபின் கடும் வயிற்றுவலி, இடையறாத வாந்தி, குருதிக் கசிவு, மயக்கம் என்பன தோன்றின் உடனே வைத்தியசாலையை நாடல் வேண்டும். அஸ்பிரின் போன்ற நோவு மருந்துகள் டெங்குவில் விலக்கத்தக்கவை.

அங்ஙனமாயின் பழைய நூல்களால் நமக்குப் பயன் யாது? அவற்றின் சிறந்த பகுதி வகைப்பாட்டில் அன்று, தேறுங்காலத்தைப் பற்றிய அறிவிலே உளது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த சீன மருத்துவர் சாங் சோங்சிங், இருநூறு பேருக்கு மேற்பட்ட தம் குலத்தில் மூன்றில் இரு பங்கினர் பத்தாண்டுக்குள் மாண்டதையும், அவருட் பெரும்பாலோர் குளிர்சுரத்தால் இறந்ததையும் கண்டு தம் நூலை இயற்றியதாகக் கூறுகின்றார். அந்நூலின் பிற்பகுதியிலே, நோய் தணிந்தபின் உழைப்பால் அது மீளுதலைப் பற்றித் தனியே பேசுகின்றார். தேறியவரை மிகுதியாக உண்ண வற்புறுத்தலாகாது என்றும் எச்சரிக்கின்றார். மருந்தை நிறுத்தியபின்னும் உணவையும் செயலையும் அடக்கிக்கொள்ளும் முறையை நம்மவர் மறுபத்தியம் என்றனர். உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில், கொரோனாவின் பின் மாதக்கணக்கில் நீடிக்குஞ் சோர்வு முதலியவற்றை ஒரு நோய்நிலையாக வரையறுத்தது. காய்ச்சல் விடுதல் வேறு, நோய் தேறுதல் வேறு என்னும் பழைய உண்மை இதனால் வலுப்பெற்றது.

மலைச்சரிவிற் கூடை சுமப்போர்க்கு மறுபத்தியம் எளிதன்று. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேரே கிடைக்கும். ஆதலின், "அவன் எழுந்துவிட்டான், நீ ஏன் படுத்திருக்கின்றாய்?" என்று ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிட்டுப் பழித்தலையாவது நாம் விடல் வேண்டும். உடல்கள் ஒன்றல்ல, தேறுங் காலமும் ஒன்றாகாது. அதனை உணர்ந்து, மெலிந்தவர்க்கு ஓய்வும் கஞ்சியும் காலமும் அளிக்கும் சமூகமே மருத்துவ நூல்களின் கருத்தைச் செவ்வனே கற்றதாகும்.