சாட்சி கூண்டேற வருவானா?

சிறுவர் துப்பறியும் கதைக்கென்று ஒரு வாடிக்கை உண்டு. நாலு பிள்ளைகள், ஒரு நாய், பாழடைந்த பங்களா, கடைசி அத்தியாயத்தில் போலீஸ் ஜீப். திருடன் ஜீப்பில் ஏறியதும் கதை முடிந்துவிடும். அந்த ஜீப் கோர்ட் வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்று எழுதியவர் ஜான் கிரிஷாம். மிசிசிப்பி மாநிலத்தில் சுமார் பத்தாண்டு வக்கீல் தொழில் பார்த்தவர். பெரியவர்களுக்கு நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கிய பிறகு, 2010-இல் 'தியோடர் பூன்' வரிசையைத் தொடங்கினார்.

தியோவுக்கு வயது 13. அப்பா, அம்மா இருவரும் வக்கீல்கள். வளர்க்கும் நாயின் பெயர்கூட 'ஜட்ஜ்'. ஊரில் பீட் டஃபி என்பவர் மனைவியைக் கழுத்தை நெரித்துக் கொன்றதாக வழக்கு நடக்கிறது. பார்த்தவர் யாருமில்லை, அரசுத் தரப்பு தடுமாறுகிறது. அந்த நேரத்தில் பள்ளித் தோழன் ஒருவன் தியோவிடம் வருகிறான். அவனுடைய உறவுக்காரன் கோல்ஃப் மைதானத்தில் வேலை செய்பவன். சம்பவத்தன்று மரங்களுக்கிடையே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டஃபி கையுறையோடு வீட்டுக்குள் போவதைப் பார்த்திருக்கிறான். பிறகு டஃபி குப்பையில் எறிந்த கையுறைகளையும் எடுத்து வைத்திருக்கிறான். ஆனால் எல் சால்வடாரிலிருந்து ஆவணமில்லாமல் வந்தவன் அவன். கோர்ட்டுக்கு வந்தால் நாடு கடத்திவிடுவார்கள் என்று பயம். யாரிடமும் சொல்வதில்லை என்று தியோ வாக்குக் கொடுத்துவிட்டான்.

ஆக, கொலைகாரன் யார் என்பது வாசிக்கும் பிள்ளைக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. அதற்குக் காரணம் அமெரிக்கச் சட்டம். அங்கே ஜூரி 'குற்றவாளி அல்ல' என்று சொல்லிவிட்டால் அதோடு சரி. மறுநாள் குற்றம் சாட்டப்பட்டவரே வந்து ஒப்புக்கொண்டாலும் அதே கொலைக்கு மறுபடி விசாரிக்க முடியாது, அரசு மேல்முறையீடும் செய்ய முடியாது. நம் ஊரில் விடுதலையை எதிர்த்து அரசு ஐகோர்ட்டுக்குப் போகலாம். கடற்படை அதிகாரி நானாவதி மீதான கொலை வழக்கில் 1959-இல் எட்டுக்கு ஒன்று என்று விடுவித்த ஜூரியின் முடிவையே பம்பாய் ஐகோர்ட் மாற்றியது. பிறகு ஜூரி முறையே இங்கு ஒழிந்தது. புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போது இந்த வித்தியாசத்தைப் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் தியோ ஏன் இப்படி அலைகிறான் என்றே புரியாது.

குறை இல்லாமல் இல்லை. தியோ ரொம்ப நல்ல பையன். சிக்கல் முற்றியதும் பெரியவர்கள் வந்து தீர்த்துவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தவர் வக்கீல் உரிமத்தைப் பறிகொடுத்து, இப்போது வரிக்கணக்கு எழுதிப் பிழைக்கும் ஐக் பெரியப்பாதான்.

இதைவிட ஒரு படி மேலே வைக்க வேண்டியது வால்டர் டீன் மையர்ஸ் 1999-இல் எழுதிய 'மான்ஸ்டர்'. ஹார்லமில் வாழும் 16 வயது ஸ்டீவ், மருந்துக் கடைக் கொள்ளைக்கு வேவு பார்த்ததாகச் சிக்குகிறான். கடைக்காரர் செத்துப்போனதால் கொலை வழக்கு. தன் விசாரணையை அவனே சினிமாத் திரைக்கதையாக எழுதுகிறான். தீர்ப்பு விடுதலை. கட்டிக்கொள்ளக் கைகளை விரிக்கிறான். அவனுக்காக வாதாடிய வக்கீலம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவன் உண்மையில் குற்றவாளியா? புத்தகம் சொல்லவில்லை. இளையோர் நாவலுக்கான பிரின்ட்ஸ் விருது 2000-இல் தொடங்கியபோது முதலில் பெற்ற நூல் இதுதான்.

பத்து வயதுக்கு கிரிஷாம், பதினாலுக்கு மையர்ஸ் என்பது என் கணக்கு. தமிழிலும் இப்படி எழுதலாம். நம் கோர்ட்டுகளில் பல்டி அடிக்கும் சாட்சி உண்டு, முடியாத வாய்தா உண்டு. கேள்வி புரிந்து பதில் சொல்லத் தெரிந்தால் சின்னப் பிள்ளைகூடச் சாட்சி சொல்லலாம் என்கிறது நம் சட்டம். எழுத்தும் கைவந்த வக்கீல்கள் தமிழில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நம் பிள்ளைகளுக்காக ஒரு வழக்கை எடுக்கட்டும்.