அமிலத்தைத் தாங்கும் கரைசல்

ஒரு லிட்டர் தூய நீரில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால், நீரின் பி.எச். மதிப்பு 7-லிருந்து 2-க்கு இறங்கிவிடும். நமது இரத்தமோ 7.35-க்கும் 7.45-க்கும் இடையே நின்றாக வேண்டும். உடலில் அமிலம் ஓயாமல் உண்டாகியும் அது நிலைகுலையாதிருக்கத் துணைசெய்வது தாங்கல் கரைசல். வலுக்குறைந்த அமிலமும் அதன் உப்பும் கலந்ததே தாங்கல் கரைசல்.

அது எப்படித் தாங்குகிறது? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் கரைசலில் அசெட்டிக் அமிலம் 0.10 மோல், சோடியம் அசெட்டேட் 0.10 மோல் உள்ளன. இரண்டும் சமமாக இருப்பதால், பி.எச். அசெட்டிக் அமிலத்துக்கே உரிய எண்ணான 4.76 ஆகும். இதிலும் அதே 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்ப்போம். வந்த அமிலத்தை அசெட்டேட் பற்றிக்கொண்டு அசெட்டிக் அமிலமாக மாறுகிறது. ஆகவே அசெட்டேட் 0.09 ஆகக் குறைகிறது. அசெட்டிக் அமிலம் 0.11 ஆகக் கூடுகிறது. மாணவர்களே, கூட்டியதோடு நின்றுவிடாதீர்கள், கழிக்கவும் வேண்டும்!

0.09-ஐ 0.11-ஆல் வகுத்தால் 0.82. அதன் மடக்கை −0.09. இதனை 4.76-உடன் சேர்த்தால் விடை 4.67. நீரை ஐந்து படி இறக்கிய அமிலம், இங்கே பத்தில் ஒரு படிகூட இறக்கவில்லை.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. 0.10 மோல் சேர்ந்தால் அசெட்டேட் தீர்ந்துபோகும். பிறகு தாங்க ஆளில்லை. இரத்தத்தில் அசெட்டேட்டின் வேலையைச் செய்வது பைகார்பனேட். நீரிழிவு கட்டுமீறும்போது பெருகும் அமிலங்கள் அதனைக் குறைத்துவிடும். ஆகவேதான் அத்தகைய நோயாளியின் இரத்தத்தில் பைகார்பனேட் எவ்வளவு மிஞ்சியுள்ளது என்று மருத்துவர்கள் அளந்து பார்க்கிறார்கள். வகுப்பறையில் நாம் செய்யும் அதே கழித்தல்தான் அங்கே ஓர் உயிரின் கணக்காகிறது.