மறதியும் இரத்தக் கொதிப்பும்

நம் வீட்டுப் பெரியவர் ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்டால், "வயதாகிவிட்டது" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால் மறதிக்கு வயது மட்டுமே காரணமல்ல. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட இரத்தக் கொதிப்பும் காரணமாகலாம்.

மூளையின் உட்பகுதிக்கு இரத்தம் கொண்டுசெல்பவை மிக மெல்லிய குழாய்கள். அழுத்தம் தொடர்ந்து கூடியிருந்தால் அவற்றின் சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது. இரத்தம் போதாத இடங்கள் சிறிது சிறிதாகப் பழுதடைகின்றன. வலி இல்லாததால் நமக்குத் தெரிவதில்லை. சிந்திக்கும் வேகமும் திட்டமிடும் திறனும் மெல்லக் குறைகின்றன.

அமெரிக்காவில் நடந்த 'ஸ்பிரிண்ட்' ஆய்வில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 9,361 பேர் பங்கேற்றனர். 2019-இல் வெளியான முடிவின்படி, மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழ் வைக்கச் சிகிச்சை பெற்றவர்களைவிட, 120-க்குக் கீழ் வைக்கச் சிகிச்சை பெற்றவர்களுக்கு லேசான அறிவுத்திறன் குறைபாடு வரும் வாய்ப்பு 19 விழுக்காடு குறைந்தது. முற்றிய மறதிநோய் குறைந்ததாக உறுதியாகவில்லை. தலைசுற்றி விழும் ஆபத்தும் உண்டு என்பதால், யாருக்கு எந்த அளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

"நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவோர் நம்மிடையே பலர். மறதி தொடங்கிவிட்டாலோ, மாத்திரை சாப்பிட்டோமா என்பதே மறந்துபோகும். எனவே அந்த நினைவை வீட்டிலுள்ள நாம் சுமப்போம். மூன்றாம் முறை கேட்ட கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்வோம். கூடவே, "இன்றைக்கு மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று நாமும் கேட்போம்.