ஊர் பெயருக்கே தனி விலை: பிரான்ஸ் சிவப்பு ஒயினும் புளியங்குடி எலுமிச்சையும்

புளியங்குடி,

எலுமிச்சை வாங்க வருகிறவர்கள் "எந்த ஊர் காய்ணே?" என்று கேட்பது வழக்கம். "புளியங்குடி காய்" என்றால் மறுபேச்சு குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் விளையும் இந்த எலுமிச்சைக்கு மெல்லிய தோலும், நிறைய சாறும்தான் அடையாளம். கேரளாவிலும் இதற்கு நல்ல கிராக்கி உண்டு.

இப்படி ஊர் பெயரை வைத்தே உலகம் முழுக்க விலை பேசப்படும் இன்னொரு சரக்கு, பிரான்ஸ் நாட்டின் போர்டோ சிவப்பு ஒயின்.

1855-ல் வந்த பட்டியல்

1855-ம் ஆண்டு பாரீஸ் நகரில் பெரிய கண்காட்சி நடந்தது. அதற்காக மன்னர் 3-ம் நெப்போலியன், போர்டோ ஒயின்களை தரம் பிரிக்கச் சொன்னார். தரகர்கள் அதுவரை விற்ற விலையை வைத்து பட்டியல் போட்டனர். சிவப்பு ஒயினில் லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய 4 தோட்டங்கள் முதல் தரம் பெற்றன. 1973-ல் மூத்தோன் 5-வதாகச் சேர்ந்தது. மற்றபடி அந்தப் பட்டியல் இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை.

அப்படி என்ன விசேஷம்?

அந்த மண்தான். பேர் பெற்ற பல தோட்டங்கள் கூழாங்கல் நிலம். மழைத்தண்ணீர் தேங்காது. வேர் ஆழமாக இறங்கும். பகல் சூட்டை கல் பிடித்து வைப்பதால் பழம் நன்றாகப் பழுக்கும்.

சிவப்பு ஒயினுக்கு பழத்தை தோலோடு சேர்த்து புளிக்க வைப்பார்கள். நிறமும் துவர்ப்பும் தோலில் இருந்துதான் இறங்கும். பிறகு ஓக் மர பீப்பாயில் ஒன்றரை, இரண்டு ஆண்டு வரை ஊறும். நல்ல சரக்கு பாட்டிலில் பல பத்து ஆண்டுகள் தாங்கும்.

போலிக்கு பூட்டு

பேர் வந்தால் போலியும் வருமே! அதைத் தடுக்க 1935-ல் பிரான்ஸ் சட்டம் கொண்டுவந்தது. எல்லைக்குள் விளைந்த, அனுமதிக்கப்பட்ட ரக திராட்சைக்கு மட்டுமே ஊர் பெயர் போடலாம். ஏக்கருக்கு இவ்வளவுதான் மகசூல் என்றும் கட்டுப்பாடு உண்டு.

நம் நாட்டில் இதே வேலையைச் செய்வது புவிசார் குறியீடு. 1999-ல் சட்டம் வந்து, 2003-ல் அமலானது. 2004-ல் டார்ஜிலிங் தேயிலை முதலில் வாங்கியது. பிரெஞ்சு பாதிரியார் 1832-ல் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் கிடைத்தது. புளியங்குடி எலுமிச்சைக்கு 2025-ல் கிடைத்தது.

விவசாயி என்ன செய்யணும்?

ஊருக்கு குறியீடு கிடைத்தால் மட்டும் போதாது. அதை மூட்டையில் போட்டு விற்க, விவசாயி 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிவு செய்யணும். பதிவு செய்தவருக்குத்தான் அந்த உரிமை. குறியீட்டையும் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

குறியீடு விலைக்கு உத்தரவாதமும் கிடையாது. விற்பனை சரிந்ததால் போர்டோவிலேயே, பேர் பெறாத தோட்டங்களின் கொடிகளை பிடுங்கிப்போட 2023-ல் அரசு பணம் கொடுத்தது. அதே ஊர், அதே பெயர்தான். ஆனால் தரத்தில் தனித்து நின்ற தோட்டத்துக்கே பெரிய விலை.

புளியங்குடிக்கும் இதுதான் கணக்கு. வெளியூர் காயை கலக்காமல், தரம் பிரித்து விற்றால்தான் கிடைத்த பெயர் காசாகும். கலந்து விற்றால், கெடுவது ஊர் பெயர், நஷ்டம் விவசாயிக்கு.