நிப்பா வைரஸைக் காட்டிக்கொடுத்த நுண்ணோக்கி

பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழகம் பக்கத்து ஊர் மாதிரிதான். கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறினால் நாலாவது நிறுத்தம். 1999 மார்ச்சில் அங்கேதான் டாக்டர் சுவா காவ் பிங், உலகம் அதுவரை அறியாத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்.

1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், சில மாதங்களில் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை வந்துவிட்டது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் முதலில் எண்ணினார்கள். சில நோயாளிகளின் ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான் சொன்னது. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. அந்த நோய் வழக்கமாகக் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றிப் பண்ணைகளில் உழைத்த பெரியவர்கள். பெரும்பாலும் சீனர்கள், அவர்களோடு நம் இந்தியத் தொழிலாளர்களும். பன்றியைத் தொடாத அக்கம்பக்கத்து மலாய்க்காரர்களுக்கு நோய் வரவில்லை. கொசு ஆள் பார்த்தா கடிக்கும்?

சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரை, ஆய்வகத்தில் வளர்த்த குரங்குச் சிறுநீரக செல்களில் சுவா இட்டார். செல்கள் ஒன்றோடொன்று கலந்து, பல உட்கருக்கள் கொண்ட ராட்சத செல்களாயின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் வேலை அல்ல இது. மாதிரியோடு அவர் அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸில் உள்ள நோய்க்கட்டுப்பாட்டு மையத்துக்குப் பறந்தார். அங்கே எலக்ட்ரான் நுண்ணோக்கி காத்திருந்தது.

சாதாரண நுண்ணோக்கி, ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் கீழே உள்ள நுட்பங்களைப் பிரித்துக் காட்டாது. ஒளியின் அலைநீளமே அதற்குத் தடை. ஒரு லட்சம் வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானின் அலைநீளமோ ஒரு நானோமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்குக்கும் குறைவு. ஆனால் எலக்ட்ரான் காற்றில் சிதறிவிடும் என்பதால் கருவிக்குள் வெற்றிடம் வேண்டும். மாதிரியும் காய்ந்திருக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள வட்டமான செப்பு வலையில் ஒரு துளி வைத்து, கன உலோக உப்பால் நிறமூட்டுவார்கள். பின்னணி கறுக்க, வைரஸ் வெளுப்பாகத் துலங்கும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் ஏறத்தாழ 50 நானோமீட்டர் அளவுள்ள உருண்டை. திரையில் தெரிந்ததோ அதைவிடப் பெரியது, ஒழுங்கான வடிவமற்றது. உறை கிழிந்த இடத்தில் மரபுப்பொருளைச் சுற்றிய சுருள் மீன்முள் போல நீண்டு கிடந்தது. அது பாராமிக்சோ குடும்பத்தின் அடையாளம். தட்டம்மையும் பொன்னுக்குவீங்கியும் அதே குடும்பம்தான். இது கொசுவின் வேலை அல்ல என்பது ஒரே படத்தில் தெளிவானது.

இந்தக் கருவியின் அருமை இதில்தான் இருக்கிறது என்பேன். ரத்தப் பரிசோதனை நாம் சந்தேகிக்கும் கிருமி உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு முன்கூட்டிய சந்தேகம் தேவையில்லை, இருப்பதைக் காட்டிவிடும்.

அதே மையத்தின் அட்லாண்டா ஆய்வகத்தில் நடந்த சோதனைகள், 1994-இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா வைரஸின் உறவு இது என்று காட்டின. கவனம் பன்றிகள் பக்கம் திரும்பியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் இறந்திருந்தார்கள்.

சுவா அதோடு நிற்கவில்லை. பன்றிக்கு இது எங்கிருந்து வந்தது என்று தேடித் தியோமான் தீவுக்குப் போனார். பழந்தின்னி வௌவால்கள் தங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, சிறுநீரைச் சேகரித்தார்கள். அதிலும், வௌவால் கடித்துப் போட்ட பழத்திலும் நிப்பா வைரஸ் கிடைத்தது. தியோமான் வைரஸ் என்ற இன்னொரு புது வைரஸும் அகப்பட்டது.

கேரளத்தில் 2018-இல் நிப்பா பலரைக் கொன்றது. அதன்பின்னும் அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. மனிதருக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இன்னும் இல்லை. ஆகவே மரத்தடியில் கிடக்கும் பழத்தில் பல்தடம் கண்டால், கழுவிச் சாப்பிடலாம் என்று எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.