ஊர் ரேஷன் கார்டு மும்பையில் செல்லுமா?

சங்கத்துக்கு வரும் அன்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. உங்கள் கார்டுக்கு வரும் உதவிக்கு எந்த அரசு பணம் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நாட்டின் கிராம மக்களில் 75 சதவிகிதம் பேர் வரையும், நகர மக்களில் 50 சதவிகிதம் பேர் வரையும் ரேஷன் தானியம் பெறலாம். ஆளுக்கு மாதம் 5 கிலோ. பரம ஏழைகளான அந்தியோதயா குடும்பம் ஒன்றுக்கு 35 கிலோ. 2023 ஜனவரி முதல் இது இலவசம். தானியம் மத்திய அரசுடையது. அதனால்தான் எந்த மாநிலத்துக் கடையிலும் இதை வாங்க 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டம் வழி செய்கிறது. தமிழ்நாடு 2020-ல் இதில் சேர்ந்தது. 2022 ஜூனில் அஸ்ஸாமும் சேர, நாடு முழுவதும் அமலுக்கு வந்தது.

தமிழ்நாட்டிலோ இந்தச் சட்டத்தின் கீழ் வராத குடும்பங்களுக்கும் மாநில அரசு தன் செலவில் அரிசி கொடுக்கிறது. எல்லாருக்கும் கிடைப்பதால், நாம் எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்று ஊரில் யாரும் பார்ப்பதில்லை. வெளியூர் வந்த பிறகுதான் அந்த வேறுபாடு தெரிகிறது.

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் அக்கா தங்கை இருவரை எனக்குத் தெரியும். ஒரே கடையில் அக்காவுக்கு அரிசி கிடைத்தது, தங்கைக்கு இல்லை. "அவளுக்குக் கொடுக்கிறான், எனக்கு இல்லேங்கிறான். இது என்ன நியாயம் சார்?" என்று கேட்டார் தங்கை. கார்டுகளை வாங்கிப் பார்த்தேன். அக்காவின் கார்டில் பி.எச்.எச். என்று இருந்தது, அதாவது முன்னுரிமைக் குடும்பம். தங்கையின் கார்டில் என்.பி.எச்.எச்.; முன்னுரிமை இல்லாதது. கடைக்காரர் மேல் தப்பில்லை. தங்கைக்கு ஊரில் கிடைத்தது மாநில அரசின் அரிசி. அது எல்லை தாண்டாது. மாநில அரசு மலிவு விலையில் தரும் பருப்பும் பாமாயிலும், பொங்கல் பரிசும் அப்படித்தான்.

முன்னுரிமைக் கார்டோ அந்தியோதயா கார்டோ உள்ளவர்கள் கார்டைச் சுமந்து வரவேண்டியதில்லை. கார்டு எண்ணோ ஆதார் எண்ணோ போதும். கடையின் கருவியில் விரல் ரேகை வைக்க வேண்டும். ஆதார் ஏற்கெனவே கார்டுடன் இணைந்திருக்க வேண்டும். இங்கே உங்கள் பங்கை வாங்கினால், மீதியை ஊரில் உள்ள பெற்றோர் வாங்கிக்கொள்ளலாம். சந்தேகத்துக்கு 14445 என்ற எண்ணில் கேட்கலாம்.

மற்றவர்கள் இங்கே புதுக் கார்டுக்கு மனுச் செய்யலாம். ஆனால் ஒருவர் பெயர் இரண்டு கார்டில் இருக்கக் கூடாது. அதற்காக ஊர்க் கார்டை அவசரப்பட்டு ஒப்படைத்துவிடாதீர்கள். அங்கே வயதான அப்பா அம்மா அதை நம்பி இருந்தால், இங்கே வந்தவர்களின் பெயரை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். புதுக் கார்டு வாங்கினாலும், வருமான வரம்புக்குள் இருந்து முன்னுரிமைப் பட்டியலில் இடம் கிடைத்தால்தான் இலவச தானியம்.

கார்டே இல்லாவிட்டாலும் அங்கன்வாடி உண்டு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகள் ஆகியோருக்கு உள்ளூர் அங்கன்வாடி வழியாகச் சத்துணவு தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. மராத்தி தெரியாது என்று நம் பெண்கள் அங்கே போகத் தயங்குகிறார்கள். பக்கத்து வீட்டில் மராத்தி தெரிந்தவர் இருந்தால் ஒருநாள் துணைக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். குழந்தைக்கு உரிய உணவு அது.